லாங் ரைடு போறீங்களா? பின் சீட்டில் இருப்பவருக்கு உங்கள் இன்சூரன்ஸ் கை கொடுக்குமா?

வாரம் முழுக்க லேப்டாப், சனிக்கிழமை வந்தால் பைக். பெங்களூருவில் வேலை பார்க்கும் பலருக்குப் பழகிப்போன ஒரு திட்டம் உண்டு. விடிவதற்குள் கனகபுரா சாலையைப் பிடித்து, மளவள்ளி வழியாக சிவனசமுத்திரம் அருவிக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பி விடுவது. ஒரு வழிக்கு சுமார் 130 கிலோமீட்டர். அவசரம் இல்லை, நடுவில் இரண்டு காபி, பின்னால் நண்பரோ துணையோ.

பைக், ரூட், பெட்ரோல் எல்லாம் செக் பண்ணியாச்சு. பின்னால் உட்காரப் போகிறவருக்காக என்ன செக் பண்ணீங்க?

எண்கள் என்ன சொல்கின்றன?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு விபத்து அறிக்கையின்படி, அந்த வருடம் ஹெல்மெட் அணியாத நிலையில் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டியை ஓட்டவில்லை, பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாளைக்கு சராசரியாக 39 பேர்.

ஹெல்மெட் போட்டிருந்தால் இவர்கள் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று இந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2008 அறிக்கை, ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை சுமார் 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது.

இன்னொரு எண்ணும் முக்கியம். 2022-ல் நாட்டில் நடந்த சாலை விபத்து மரணங்களில் கிட்டத்தட்ட 68 சதவீதம் கிராமப்புறங்களில் நடந்தவை. 'சிட்டி டிராஃபிக்தான் ஆபத்து, ஊர் தாண்டினால் ஜாலி' என்ற நம்பிக்கைக்கு டேட்டா துணை நிற்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி பைக்கில் ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான் போகலாம். 129-வது பிரிவுப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பின்னால் இருப்பவர் உட்பட, ஹெல்மெட் கட்டாயம். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. மீறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு.

பலருக்குத் தெரியாத ஒன்று: பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் குறைந்தது பாதியை மூடும் சாரி கார்டு ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதி 123-ன் கீழ் கட்டாயம். 'லுக்' நல்லா இருக்கணும்னு சாரி கார்டைக் கழற்றி வைத்திருந்தால், துப்பட்டாவோ புடவையோ சக்கரத்தில் சிக்காமல் தடுக்க அங்கே வேறு எதுவும் இல்லை.

சரி, இன்சூரன்ஸ்?

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். உங்களிடம் இருப்பது 'தேர்டு பார்ட்டி' மட்டுமா? அப்படியானால், இலவசமாகப் பின்னால் உட்கார்ந்து வருபவர் அந்தச் சட்டப்பூர்வ பாலிசிக்குள் வர மாட்டார் என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிரே வந்த லாரி மீது தவறு என்றால், லாரியின் இன்சூரன்ஸில் உங்கள் நண்பர் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் தவறு உங்கள் மீது என்றால், அந்தத் தொகை உங்கள் சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டிய நிலை வரலாம்.

'காம்ப்ரிஹென்சிவ்' அல்லது 'பேக்கேஜ்' பாலிசி என்றால் கதை வேறு. பின் சீட்டில் இருப்பவருக்கும் அது பொருந்தும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது. 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

அப்போ எங்கே தவறுகிறோம்? 2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்து வருட தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயமானது. அதனுடன் ஷோரூமில் சேர்த்துத் தரும், உங்கள் வண்டிச் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். 'அஞ்சு வருஷம் இருக்கே' என்று அதைப் புதுப்பிக்காமல் விட்டால், இரண்டாவது வருடத்திலிருந்து கையில் மிஞ்சுவது தேர்டு பார்ட்டி மட்டும்.

இன்னொரு குழப்பம், 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. அது வண்டியின் உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கானது. பின்னால் இருப்பவருக்குத் தனியாக 'ஆட்-ஆன்' எடுக்க வேண்டும்.

ஆள் ஏறினால் பைக்கில் என்ன மாறுகிறது?

150 கிலோ பைக்கில் 60 கிலோ ஆள் ஏறினால் எடை பின் சக்கரத்துக்குப் போகிறது. முன் பக்கம் லேசாகும், ஹெட்லைட் மேலே தூக்கும், நிற்க அதிக தூரம் தேவைப்படலாம். அதனால்தான் பல பைக்குகளின் மேனுவலில் இருவர் பயணத்துக்குப் பின் டயர் காற்றழுத்தம் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கும். தனியாக ஆபீஸ் போகும்போது வைத்த காற்று இதற்குப் போதாது.

வேகத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 50-லிருந்து 70 கி.மீ. வேகத்துக்குப் போனால், இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிறது. கர்நாடக கிராமச் சாலைகளில் அறுவடை சீசனில் ராகித் தாளையும் கொள்ளையும் தாரிலேயே பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறி மணி உதிரட்டும் என்று. அதன் மேல் டயர் வழுக்கும். பெயின்ட் அடிக்காத வேகத்தடையும், பின் விளக்கு இல்லாத கரும்பு டிராக்டரும் வரும். இதையெல்லாம் நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவீர்கள். உங்கள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வருபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி என்ன செய்யலாம்?

• பாலிசி பிடிஎஃப்-ஐத் திறந்து 'லயபிலிட்டி ஒன்லி'யா, 'பேக்கேஜ்'ஆ என்று பாருங்கள். ஓன் டேமேஜ் முடியும் தேதியையும் பாருங்கள். பின்னால் வருபவருக்குக் கவர் உண்டா என்று புரியவில்லை என்றால், நிறுவனத்திடம் ஈமெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

• இரண்டாவது ஹெல்மெட்டும் ஐஎஸ்ஐ முத்திரையோடு, அவர் தலைக்குப் பொருந்துவதாக இருக்கட்டும். ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று போகும்.

• பின் டயர் காற்று, சாரி கார்டு, ஃபுட்ரெஸ்ட் மூன்றையும் பாருங்கள்.

• மாறி மாறி ஓட்டுவதாக இருந்தால் இருவரிடமும் கியர் வண்டிக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும்.

• கிளம்பும் முன் ஒரு சிக்னல் பேசி வையுங்கள். தோளில் இரண்டு தட்டு தட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏன், எதற்கு என்று வண்டியை நிறுத்திய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.