ஒரு பிடி அரிசியில் ஒரு சபை நடக்குமா? செஞ்சி ராஜா முதல் தோர்னக்கல் வரை

1597-ல் இயேசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெண்டா செஞ்சிக்கு வந்தார். லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில்கூட இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்று வியந்து எழுதினார். செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர், தன் ஆட்சிப் பகுதியில் தேவாலயம் கட்டிக்கொள்ள அவருக்கு அனுமதி தந்தார். ராஜா மனசு வைத்தால் கட்டிடம் வந்துவிடும், சரி. அதற்குப் பிறகு சபையை நடத்துவது யார்?

அதற்குத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் கண்ட பதில்களில் ஒன்று, பிடி அரிசி.

அது எப்படி நடக்கும்?

உலை வைக்கும்போது அளந்த அரிசியில் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதை விற்றோ ஏலம் விட்டோ வரும் பணம் ஊழியர் சம்பளத்துக்கும் ஏழைகளுக்கும் போகும்.

ஒரு பிடியில என்ன வந்துடும்?

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், 100 வீடுகளில் ஒரு நாளைக்கு 5 கிலோ. மாதத்துக்கு 150 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் ஆறு. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் குவியும் நெல் மூட்டைகளுக்கு முன்னால் இது சொற்பம்தான். ஆனால் ஒரு கிராமச் சபைக்கு இது பெரிய பலம்.

இன்னொன்றும் இருக்கிறது. கையில் காசு இல்லாத பெண்ணுக்கும் அரிசிப் பானை மேல் உரிமை இருந்தது. அதனால் பணக்காரர் தயவில்லாமல் அவரும் கொடுப்பவர் ஆனார்.

கொடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. எதற்காகக் கொடுக்கிறோம் என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும். 1903-ல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம்ம பணத்தில் நம்ம ஆட்களை அனுப்புவோம் என்பதே நோக்கம். அப்படித்தான் தெலுங்கு நாட்டின் தோர்னக்கல்லில் பணி தொடங்கியது. அசரியா 1912-ல் அங்கேயே பேராயர் ஆனார். அந்த ஏழைக் கிராமங்களின் பெண்களும் பிடி அரிசி ஒதுக்கினார்கள். வாங்கியவர்களே கொடுப்பவர்களாக மாறியது அங்கேதான்.

இப்போதும் இருக்கிறதா?

மிசோரமில் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம், இன்று அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் சபைக்கு ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் தருகிறது. இது ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமும் இல்லை. காஞ்சி மகா பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதியும் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தினார்.

எங்கே சறுக்கும்?

பெயர் வாசித்து, தொகை சொல்லிக் கட்டாயப்படுத்தினால் காணிக்கை வரியாகிவிடும். கணக்குக் காட்டாவிட்டால் பானை காலியாகத்தான் இருக்கும். வந்தது எவ்வளவு, போனது எங்கே என்று சபை நடுவில் சொல்கிற இடத்தில், யாரும் கேட்காமலே அடுத்த பிடி விழும்.