குடிதண்ணீரும் குழந்தைகளின் பற்களும்

நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விம்மும் குழந்தையை மடியில் கிடத்தி, கிராம்புத் தைலம் தேடி அலமாரியைத் துழாவாத தாய்மார் நம் இல்லங்களில் மிகச் சிலரே இருப்பர். விடிந்ததும் வலி தணிந்துவிட்டால், ‘பால்பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று மறந்துவிடுவதும் நம் வழக்கமே. அந்தச் சொத்தைப் பல்லுக்கு அடியில்தான் நிலையான பல் உருவாகிக்கொண்டிருக்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

ஒவ்வொரு வாயாகத் திறந்து சொத்தையை அடைத்துக்கொண்டிருப்பதை விட, ஓர் ஊர் முழுவதிலும் அதைத் தடுத்துவிட முடியாதா என்ற கேள்விக்கு விடை கிடைத்த வரலாறு வியப்புக்குரியது. 1901ஆம் ஆண்டில் பிரெடரிக் மெக்கே என்னும் இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் நடத்த வந்தார். அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர் பலருடைய பற்களில் காவி நிறக் கறை படிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை! அதன் காரணத்தைத் தேடி அவர் பல்லாண்டுகள் அலைந்தார். இதற்கிடையில் மற்றொன்றும் அவர் கண்ணில் பட்டது. கறை படிந்த பற்களில் சொத்தை விழுவது அரிதாயிருந்தது.

காரணம் குடிதண்ணீரில் இருந்த புளோரைடு உப்பு என்பது 1931இல்தான் தெரியவந்தது. அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளரான சர்ச்சில் அதனைக் கண்டறிந்தார். பின்னர் டிரெண்ட்லி டீன் என்னும் அரசுப் பல் மருத்துவர் ஊர் ஊராக நீரையும் பற்களையும் ஒப்பிட்டு அளந்தார். ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம் புளோரைடு இருந்தால் சொத்தை குறைகிறது, கறையும் பெரிதாகத் தெரிவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. 1945 ஜனவரி 25 அன்று மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராபிட்ஸ் நகரக் குடிநீரில் அந்த அளவு புளோரைடு கலக்கப்பட்டது. உலகில் இதுவே முதன்முறை. ஏறத்தாழ 30,000 பள்ளிப் பிள்ளைகளின் பற்கள் 15 ஆண்டுகள் கவனிக்கப்பட்டன. திட்டம் தொடங்கிய பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக்காகப் புளோரைடு சேர்க்கப்படாமல் விடப்பட்ட மஸ்கீகன் நகரத்தார், ஆய்வு முடியும் வரை பொறுத்திருக்க மனமின்றி 1951இல் தாமும் சேர்க்கத் தொடங்கிவிட்டனர்.

இதைப் படித்ததும் நம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியிலும் கலந்துவிடலாமே என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்! நம் நாட்டின் நிலைமை நேர் எதிரானது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே புளோரைடு அளவுக்கு மேல் இருந்தது. ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. மிகுந்தால் முதலில் பற்களில் வெண்புள்ளி, பிறகு காவிக்கறை. ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, குனிந்து நிமிரவும் இயலாமற் போகும். அங்குள்ள பல சிற்றூர்களில் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கக் கூசினர். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி, 2013இல் காவிரி நீர் அவ்வூர்களுக்கு வரத் தொடங்கியது. ஓரிடத்தில் சேர்ப்பது மருந்து, மற்றோரிடத்தில் நீக்குவதே மருந்து!

தண்ணீரில் கலப்பதன் பயன் இப்போது முன்போல் பெரிதாகத் தெரிவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1950களில் புளோரைடு பற்பசை கடைகளுக்கு வந்து, இன்று எங்கும் பரவிவிட்டது. அதன் பிறகு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, குழந்தை ஒன்றுக்குச் சராசரியாகக் கால் பல் அளவே நன்மை இருக்கலாம் என 2024இல் தெரிவித்தது. 2025இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் குடிநீரில் கலப்பதையே தடை செய்துவிட்டது. அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.

என் உள்ளத்தைக் கவர்ந்தது ஸ்காட்லாந்தின் வழி. தண்ணீரை அவர்கள் தொடவில்லை. மழலையர் பள்ளிகளில் நாள்தோறும் ஒரு வேளை ஆசிரியையின் கண்காணிப்பில் எல்லாப் பிள்ளைகளும் பல் துலக்குகின்றனர். பின்னாளில் ‘சைல்டுஸ்மைல்’ என்னும் திட்டத்தின் அங்கமாகிய இந்த எளிய ஏற்பாட்டின் விளைவைப் பாருங்கள்: முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுள் வெளிப்படையான சொத்தை இல்லாதோர் 2003இல் 45 விழுக்காடு, 2018இல் 71 விழுக்காடு. எட்டாம் ஆண்டில் மிச்சமான சிகிச்சைச் செலவு, பல் துலக்க வைக்க ஆன செலவைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

‘நமக்குத்தான் மிஸ்வாக் இருக்கிறதே’ என்று கேட்கும் சகோதரிகளும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் மிகவும் வலியுறுத்திய சுன்னத் அது. நம் பக்கத்தில் உகா என வழங்கும் மரத்தின் குச்சியே அது. ஆனால் சின்னஞ்சிறு பிள்ளையால் அக்குச்சியைக் கடைவாய்ப் பல்லின் குழி வரை செலுத்த முடியாது. சொத்தை குடிபுகுவதோ அங்கேதான். பெரியவர்கள் மிஸ்வாக்கைப் பேணட்டும். பிள்ளைகளுக்கு மென்மையான பிரஷும் வேண்டும். இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கிப் பல்லைக் கரைப்பதால், ஒரே வேளையில் உண்ணும் இனிப்பை விட நாளெல்லாம் கொறிக்கும் மிட்டாயும், இரவில் வாயிலேயே விட்டுத் தூங்க வைக்கும் சர்க்கரைப் பால் புட்டியும் கொடியவை.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு பற்பசை, ஆறு வயது வரை பட்டாணியளவு. விழுங்காமல் துப்பச் சொல்ல வேண்டும். புளோரைடு மிகுந்த ஊர்களில் வசிப்போர் மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும்.

காலையில் ஓத வரும் பிள்ளைகள் நம் மதரஸாக்களில் எத்தனை பேர்! உளூச் செய்யத் தண்ணீர்க் குழாய் அங்கேயே இருக்கிறது. பெயர் எழுதிய பிரஷ் பிள்ளைக்கு ஒன்று, ஒன்றோடொன்று உரசாமல் செருகி வைக்க ஒரு தாங்கி, பற்பசையைத் தம் கையால் அளவாக வைத்துவிட ஓர் ஆசிரியை. ஓதத் தொடங்குமுன் இரண்டு நிமிடம் போதும். ஜமாஅத்தார் அடுத்த கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளலாம்.