கானா என்னும் பெயர்

குழந்தைக்குப் பெயரிடுவோர் பெற்றோர். நாட்டிற்குப் பெயரிடுவோர் யாவர்? சில நாடுகளுக்கு அங்கு வாழும் மக்களே பெயரிட்டனர். வேறு சிலவற்றிற்கு அயலார் பெயரிட்டனர். இவ்விருவகைப் பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கிய நாடு, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா ஆகும்.

போர்ச்சுகீசிய மாலுமிகள் 1471ஆம் ஆண்டில் அந்நாட்டின் கரையை அடைந்தனர். அங்குப் பொன் மிகுதியாகக் கிடைத்தமையால், அவ்விடத்தைச் ‘சுரங்கம்’ எனப் பொருள்படும் சொல்லால் தம் மொழியில் அழைத்தனர். 1482இல் அவர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, எல்மினா என்னும் ஊரில் இன்றும் நிற்கின்றது. ஆங்கிலேயர் அக்கரையைப் ‘பொற்கரை’ என வழங்கினர். 1874இல் அதனைத் தம் குடியேற்ற நாடாக்கினர். அதற்கு மேற்கே யானைத் தந்தம் கிடைத்த கரை ‘தந்தக்கரை’ எனப்பட்டது. கிழக்கே மனிதரை விலைக்கு வாங்கிய கரையோ ‘அடிமைக்கரை’ எனப்பட்டது. இப்பெயர்கள் வணிகர் கொண்டு சென்ற பொருள்களைக் கூறின. அங்கு வாழ்ந்த மக்கள் யாவர் என்பதைக் கூறவில்லை. மனிதரும் அவற்றில் சரக்காகவே எண்ணப்பட்டனர்.

விடுதலை நெருங்கிய காலத்தில், தான்குவா என்னும் தலைவர் ‘கானா’ என்ற பழம்பெயரை எடுத்துரைத்தார். முற்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவில் பேரரசொன்று சிறந்து விளங்கியது. அதன் மன்னனது பட்டப்பெயரே ‘கானா’ என்பது. நாளடைவில் அது நாட்டிற்கும் ஆயிற்று. அம்மன்னனின் பெரும்படையையும், பொன் அணிந்து வீற்றிருந்து குடிகளின் குறை கேட்ட அவனது அரசவையையும், அல்-பக்ரி என்னும் அறிஞர் 1068இல் அரபு மொழியில் எழுதிய நூலில் விரித்துரைத்துள்ளார்.

ஆயினும் ஓர் ஐயம் எழக்கூடும். அப்பேரரசு இருந்த இடம் பொற்கரையன்று. அது வடமேற்கே பல நூறு கல் தொலைவில், இன்றைய மௌரித்தானியா, மாலி ஆகிய நாடுகளின் எல்லைப்புறத்தில் இருந்தது. தம் மக்களின் முன்னோர் அங்கிருந்தே வந்தனர் எனத் தான்குவா கருதினார். வரலாற்றறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. அங்ஙனமாயின், அப்பெயரைச் சூடியது பொருந்துமோ?

ஆப்பிரிக்கர் தம்மைத் தாமே ஆளும் திறமற்றவர் என்று அயலார் பலர் அந்நாளில் கூறி வந்தனர். ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆப்பிரிக்கர் பேரரசு நிறுவி ஆண்டனர் என்பதற்குக் கானா சான்றாக நின்றது. ஆதலின், அப்பெயர் நிலத்தின் எல்லையைக் குறித்ததன்று. இழந்த மதிப்பை மீட்கும் உறுதியைக் குறித்தது.

1957ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றது. குவாமே நிக்ரூமா அதன் முதல் பிரதமராக விளங்கினார். அன்றுமுதல் பொற்கரை கானா ஆயிற்று. அயலார் இட்ட பெயர், அந்நிலத்தில் எது கிடைக்கும் என்பதைக் கூறியது. மக்கள் தாமே தேர்ந்த பெயரோ, தாம் எவ்வாறு வாழ விரும்பினர் என்பதை உலகிற்கு உணர்த்தியது.