புகாருக்கு ஆளானவர் நீடித்தார், விசாரித்தவர் விலகினார்

அமைச்சர் மீது புகார் எழுந்தது. விசாரணை நடந்தது. நடத்தை விதி மீறப்பட்டுள்ளது என்று அறிக்கை வந்தது. அன்றே ஒருவர் ராஜிநாமா செய்தார். ஆனால் அவர் அமைச்சர் அல்லர், அறிக்கை எழுதியவர்.

பிரிட்டனில் 2020 நவம்பர் 20-ஆம் தேதி இது நிகழ்ந்தது. குஜராத் வம்சாவளியைச் சேர்ந்த பிரீத்தி படேல் அப்போது உள்துறை அமைச்சர். அதிகாரிகளை அவர் மிரட்டி நடத்துவதாகப் புகார் கிளம்பியது. உள்துறைச் செயலர் பிலிப் ரட்னம் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே பதவி விலகியிருந்தார். பிரதமரின் ஆலோசகரான அலெக்ஸ் ஆலன் விசாரித்து, உள்நோக்கம் இல்லாவிடினும் அது விதிமீறலே என்றார். பிரதமர் போரிஸ் ஜான்சன் அதை ஏற்கவில்லை. படேல் பதவியில் நீடித்தார், ஆலன் வெளியேறினார். ரட்னத்துக்கு உள்துறை 3,40,000 பவுண்டு அளித்துச் சமரசம் செய்துகொண்டது. அந்தப் பணமும் மக்களின் வரிப்பணமே.

உயர் அதிகாரிகளின் சங்கம் நீதிமன்றத்தை நாடியது. பிரதமரின் முடிவில் சட்டப்பிழை இல்லை என்று கூறி, 2021 டிசம்பரில் வழக்கு தள்ளுபடி செய்யப்பட்டது.

சிக்கலின் வேர் ஏற்பாட்டிலேயே இருந்தது. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகளை 1992-இல் ஜான் மேஜர் முதன்முறையாகப் பகிரங்கப்படுத்தினார். விசாரிப்பதற்கென்று சுயேச்சை ஆலோசகர் பதவியை 2006-இல் டோனி பிளேர் உருவாக்கினார். அதற்கு முன் பத்திரிகைகளின் நெருக்குதலே தீர்ப்பு. இந்துஜா சகோதரர்களில் ஒருவரின் குடியுரிமை விண்ணப்ப விவகாரத்தில் பீட்டர் மாண்டல்சன் 2001 ஜனவரியில் விலக நேர்ந்தது. அவர் முறைகேடாக நடக்கவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை கூறியது. இத்தகைய அவசரத்தைத் தவிர்க்க ஆலோசகர் உதவக்கூடும். ஆனால் அப்போது பிரதமர் கேட்டுக்கொண்டால்தான் அவர் விசாரிக்க முடிந்தது, முடிவும் பிரதமருடையதே. இந்தியாவிலும் மத்திய அமைச்சர்களின் நடத்தை விதிகளைக் காக்கும் பொறுப்பு பிரதமரிடமே உள்ளது. விசாரித்துச் சொல்ல இங்கே ஆலோசகர்கூட இல்லை.

ஆலனுக்குப் பின் வந்த கைட் பிரபுவும் 2022 ஜூனில் விலகினார். அதன்பின் ஆறு மாதம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. அதே ஆறு மாதத்தில் ஜான்சன் வீழ்ந்தார். லிஸ் டிரஸ் வந்து சென்றார். அரசு ஆவணத்தைத் தனிப்பட்ட மின்னஞ்சலில் அனுப்பியதற்காக அக்டோபர் 19-இல் விலகிய உள்துறை அமைச்சர் சூவெல்லா பிரேவர்மன், ஆறே நாளில் அதே பதவிக்குத் திரும்பினார். தவறா, இல்லையா என்று கூற ஆள் இல்லை.

டிசம்பரில் ரிஷி சுனக் நியமித்த லாரி மேக்னஸ் வந்தபிறகே நிலைமை மாறியது. வரி விவகாரத்தில் அவர் அளித்த அறிக்கையின் பேரில், 2023 ஜனவரியில் நாதிம் ஸஹாவி நீக்கப்பட்டார்.

பிரதமரின் அனுமதிக்குக் காத்திராமல் ஆலோசகரே விசாரணையைத் தொடங்கலாம் என்று 2024 நவம்பரில் கீர் ஸ்டார்மர் விதியைத் திருத்தினார். மறு ஆண்டு அவருடைய துணைப் பிரதமரே சிக்கினார். ஹோவ் நகரில் வாங்கிய வீட்டுக்கு முத்திரை வரி ஏறத்தாழ 40,000 பவுண்டு குறைவாகச் செலுத்திய ஏஞ்சலா ரேய்னர், தாமாகவே மேக்னஸிடம் விசாரணை கோரினார். அவர் நேர்மையாகவே நடந்தார், எனினும் உரிய வரி நிபுணரின் ஆலோசனையைப் பெறத் தவறியதால் விதியை மீறினார் என்பது முடிவு. 2025 செப்டம்பர் 5-இல் ரேய்னர் விலகினார்.

2020-இல் படேல் நீடித்ததற்கும் 2025-இல் ரேய்னர் விலகியதற்கும் இடையே சட்டம் எதுவும் குறுக்கிடவில்லை. 2024-இன் திருத்தம் பிரதமர் வெளியிட்ட ஆவணமாகவே வந்தது. பின்வரும் பிரதமர் விரும்பினால், நாடாளுமன்றத்தைக் கேளாமலே அதை மாற்றி எழுதலாம்.