தாயின் மடி வாகனத்தில் போதாது

மட்டக்களப்பு–கல்முனை வீதி பெரியகல்லாற்றின் ஊடாகச் செல்கின்றது. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. வெளியூர் போவதென்றால் இந்த வீதியில்தான் ஏற வேண்டும். 1990இலும், 2004 சுனாமியின்போதும், 2007இலும் இடம்பெயர்ந்து, வயல் ஓரிடமும் வளவு ஓரிடமுமாய் வாழும் குடும்பங்களுக்குப் பயணம் இன்னும் கூடுதல். விதைப்புக்குப் படுவான்கரை போக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வாடகைக்கு வான் பிடிக்க வேண்டும்.

அப்போது நாம் அடிக்கடி காண்பது இதுதான்: தாய் முன்னிருக்கையில், கைக்குழந்தை மடியில். முன்னிருக்கைக்கு ஆசனப்பட்டி 2011இல் கட்டாயமாக்கப்பட்டது. அதனால் பொலிசாரைக் கண்டதும் ஒரே பட்டியை இருவருக்கும் சேர்த்து இழுத்து மாட்டுவோரும் உண்டு. இது இன்னும் ஆபத்தானது. மோதல் நேர்ந்தால் தாயின் முழுப் பாரமும் குழந்தையைப் பட்டியோடு நெரித்துவிடும்.

வாகனம் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போனால், உள்ளே இருப்பவரும் அதே வேகத்தில்தான் போகிறார். வாகனம் எதிலாவது மோதி நின்றாலும் குழந்தை நிற்காது. அந்த அடி ஏறக்குறைய 6 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மாடி வீட்டின் கூரையிலிருந்து விழுவதற்குச் சமம். 10 கிலோ குழந்தை அக்கணத்தில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகக் கையை இழுக்கும். நெல்மூட்டை தூக்கிப் பழகிய கையும் அதைப் பிடித்து வைத்திருக்க மாட்டாது.

ஆகவே பிள்ளைகளின் இடம் பின்னிருக்கை. முன்னால் காற்றுப்பை உள்ள வாகனமானால், அது விரியும் வேகமே குழந்தையைக் கொன்றுவிடக்கூடும். கைக்குழந்தைக்கு ஏற்றது வாகனத்தின் பின்பக்கத்தைப் பார்த்தபடி பொருத்தும் குழந்தை ஆசனம். குழந்தையின் தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு, கழுத்தோ இளசு. மோதலின்போது இவ்வாசனம் இரண்டையும் தாங்கிக்கொள்ளும். விலை அதிகம் என்பது உண்மைதான். ஒரு மாதர் சங்கம் ஒன்றிரண்டை வாங்கி வைத்து, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்து வாங்கலாமே! விபத்தில் அடிபட்ட பழைய ஆசனத்தை மட்டும் வாங்க வேண்டாம்.

ஆசனம் கிடைக்காதபோது செய்யக்கூடியது கொஞ்சமே. தாய் பின்னால் அமர்ந்து, பட்டியைத் தன் உடலுக்கு மட்டும் மாட்டி, குழந்தையைப் பட்டிக்கு வெளியே அணைத்திருக்கட்டும். சாரதி மெதுவாக ஓட்டட்டும். வேகம் பாதியானால் மோதலின் வலு காற்பங்காகும்.

வளர்ந்த பிள்ளைக்குத் தனிப் பட்டி வேண்டும். அது வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் படிய வேண்டும். கழுத்தில் அல்ல, தோளில் கிடக்க வேண்டும். 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை, பிள்ளையை உயர்த்தி வைக்கும் துணை ஆசனம் இல்லாமல் பட்டி இப்படிச் சரியாக விழாது.

உழவு இயந்திரத்தின் மட்காட்டில் பிள்ளையை ஏற்றவே வேண்டாம். ஒரு பள்ளத்தில் குலுங்கினால் விழுவது பெரிய சில்லின் கீழேதான்.

வான் பேசும்போதே பின்னிருக்கையில் பட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். சில வான்களில் அது இருக்கை உறைக்குள் புதைந்து கிடக்கும். சாரதி சலித்துக்கொண்டாலும் வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.