காணி வாங்குமுன்

பதுளையிலோ பண்டாரவளையிலோ காணியொன்று விலைக்கு வருகின்றதெனக் கேட்டால், குளிர்ந்த காற்றையும் தேயிலைப் பசுமையையும் எண்ணி மனம் விரைகின்றது. நீதிமன்றமோ உறுதியையே கேட்கும்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்பெறல் வேண்டும். வெறும் பற்றுச்சீட்டு உரித்தைத் தராது. எழுதினால் மட்டும் போதுமோ? போதாது. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றாரென வைத்துக்கொள்வோம். பிந்தி வாங்கியவர், சூதின்றி விலைகொடுத்து, தம் உறுதியை முந்திப் பதிந்துகொண்டால், 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம் அவர் பக்கமே நிற்கும்.

பிரிபடாத பங்கை வாங்குவோர், ஏனைய பங்காளிகளுடன் பாகப்பிரிவினை வழக்கையும் சேர்த்தே வாங்க நேரலாம்.

ஊவாவில் மேலுமொரு கவனம் வேண்டும். 1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் உடைமைக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. நெற்காணிக்கு 25 ஏக்கர். 1975 இல் கம்பெனித் தோட்டங்களும் அரசின் கைக்கு வந்தன. இன்று பெருந்தோட்டக் கம்பெனிகள் பல, குத்தகைக்காரர்களே. குத்தகைக்காரர் நிலத்தை விற்றல் எங்ஙனம்? தனியார் காணியில் பத்தாண்டு எதிராட்சி உரித்தளிக்கலாம். அரச காணியில் அது செல்லாது. தலைமுறைகளாய் லயங்களில் வாழ்ந்தோர் பலர் உறுதியின்றி நிற்பதும் இதனாலேயே.

ஆதலின், முற்பணம் கொடுக்குமுன் காணிப் பதிவகத்தில் ஏடுகளைப் பார்ப்பித்தல் நன்று. அங்கே செலவாகும் ஒரு நாள், வழக்கில் கழியும் பல ஆண்டுகளைக் காக்கும்.