லாரி ஓட்டவா பள்ளிக்கூடம்? தளவாடத் தொழிற்கல்வியும் அதற்கான ஆசிரியர்களும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஜொகூரின் தஞ்சோங் பெலபாஸ் துறைமுகம் 2024ஆம் ஆண்டில் 20 அடிப் பெட்டிக் கணக்கில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்களைக் கையாண்டது. பாசிர் கூடாங்கில் 1977 முதல் ஜொகூர் துறைமுகம் இயங்குகிறது. செனாயில் விமானச் சரக்கு வந்திறங்குகிறது. 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாடும் தளவாடத் துறையை முக்கியத் துறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. முதல் ஐந்தாண்டுகளில் 20,000 திறன் வேலைகள் என்பது அந்த மண்டலத்தின் இலக்கு. ஆகவே போக்குவரத்து, தளவாடத் தொழில்களை இடைநிலைப்பள்ளியிலேயே அறிமுகப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழுவது இயல்பு. பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களை இங்கே எடுத்துக்கொள்வோம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது லாரி ஓட்டவும் மூட்டை தூக்கவுமா?

கனரக லாரி உரிமம் எடுக்கவே 21 வயது ஆக வேண்டும். படிவம் நான்கில் படிக்கும் மாணவனிடம் யாரும் ஸ்டீயரிங்கைக் கொடுக்கப்போவதில்லை.

ஒரு பொருள் தொழிற்சாலை வாசலைத் தாண்டியது முதல் வாங்கியவர் கையில் சேரும்வரை நடக்கிற அத்தனை வேலையும் தளவாடம்தான். கிடங்கில் இருப்புக் கணக்கு பார்ப்பவர், சுங்கப் பத்திரம் தயாரிப்பவர், கப்பலில் இடம் பிடிப்பவர், எந்த வண்டி எந்த வழியில் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று திட்டமிடுபவர், குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையைக் கண்காணிப்பவர், கிரேன் பழுது பார்ப்பவர் எல்லாரும் இதில் அடக்கம். லாரி ஓட்டுநரும் அவர்களில் ஒருவர், மரியாதைக்குரியவர். ஜொகூரில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் லாரி ஓட்டித்தான் வீடு வாங்கின, பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கின. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அப்பா கொண்டுபோய் இறக்கும் சரக்குக்குப் பின்னால் இத்தனை மேசைகள் இருப்பது தெரியாது. அதைத் தெரியப்படுத்துவதுதான் பள்ளியின் வேலை.

வகுப்பில் அப்படி என்ன கற்றுக்கொடுக்க முடியும்? எல்லாம் அனுபவத்தில் வருவதுதானே?

ஒரே ஓர் உதாரணம் போதும். நெடுஞ்சாலையில் போகும் எந்தக் கன்டெய்னரின் கதவையும் பாருங்கள். நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், அதன் பக்கத்தில் கட்டம் போட்டுத் தனியாக ஓர் இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் சும்மா எழுதியதல்ல. முன்னால் உள்ள பத்தும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று சோதிக்கும் இலக்கம் அது.

பாடப்புத்தகங்களில் அடிக்கடி வரும் எண் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சி, எஸ், கியூ, யூ, பிறகு 305438. எழுத்துகளுக்கு மதிப்பு உண்டு. ஏ என்றால் 10. அங்கிருந்து ஏறுவரிசை, ஆனால் 11, 22, 33 ஆகியவற்றைத் தாண்டிவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் சி 13, எஸ் 30, கியூ 28, யூ 32. இனி இந்தப் பத்து மதிப்புகளையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே 512 வரை போகும் எண்களால் பெருக்கிக் கூட்டினால் 6,185 வரும். அதை 11ஆல் வகுத்தால் மீதி 3. கதவில் கட்டத்துக்குள் இருப்பதும் 3. நுழைவாயிலில் யாராவது ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டியிருந்தால் கணினி அங்கேயே நிறுத்திவிடும்.

மீதி 10 வந்தால் என்ன செய்வது? கட்டத்தில் ஓர் இலக்கத்துக்குத்தானே இடம்? அப்போது 0 என்று எழுதுவார்கள். ஆனால் 0 மீதி வரும் எண்ணோடு குழப்பம் வரும் என்பதால் அப்படிப்பட்ட எண்களைத் தவிர்க்கும்படி பரிந்துரை இருக்கிறது. கணித வகுப்பில் ஒரு பாடவேளைக்கு இது போதும். இதேபோல, 2016 ஜூலை 1 முதல் சரக்கு ஏற்றிய ஒவ்வொரு பெட்டியின் மொத்த எடையையும் கப்பலில் ஏற்றுமுன் உறுதிசெய்தாக வேண்டும் என்பது உலகளாவிய விதி. எடை தவறினால் கப்பலில் அடுக்கு சரியலாம். அது இயற்பியல் பாடம்.

துறைமுகத்தையே பார்க்காத ஆசிரியர் இதை எப்படிக் கற்பிப்பார்?

எல்லாவற்றிலும் முக்கியமான சந்தேகம் இதுதான். நியாயமானதும்கூட. பாடத்திட்டம் எழுதுவது எளிது, ஆசிரியரை உருவாக்குவதுதான் கடினம். மேலே சொன்ன "மீதி 10 வந்தால்?" என்ற கேள்வியை ஒரு மாணவன் கேட்டால், புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு வந்த ஆசிரியர் தடுமாறத்தான் செய்வார்.

ஜொகூருக்கு இந்த விஷயத்தில் நல்ல முன்வரலாறு உண்டு. பத்து பகாட், பாரிட் ராஜாவில் இருக்கும் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் பல்கலைக்கழகமே அல்ல. 1993இல் அது பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கான பயிற்சி மையமாகத்தான் தொடங்கியது. 1996இல் கழகமாகி, 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது. தொழில்நுட்ப, தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கென்றே ஒரு புலம் அங்கே இன்றும் இருக்கிறது. பாகோ வளாகத்தில் ரயில் போக்குவரத்து சார்ந்த பொறியியல் தொழில்நுட்பமும் கற்பிக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியும் போக்குவரத்துத் துறை அறிவும் ஒரே நிறுவனத்துக்குள் இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. இரண்டையும் இணைக்க வேண்டும்.

நம் நாட்டு முறையில் திறன் பாடம் நடத்துபவருக்குப் பட்டம் மட்டும் போதாது. எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழுக்கு மாணவரை மதிப்பிட வேண்டுமானால், அந்தத் துறையில் உரிய நிலைச் சான்றிதழும், விடிஓ என்ற பயிற்றுநர் சான்றிதழும் அவரிடம் இருக்க வேண்டும். ஷா ஆலமில் உள்ள சியாஸ்ட் நிலையம் இந்தப் பயிற்றுநர் பயிற்சியில் பெயர் பெற்றது. மதிப்பீட்டிலும் மூன்று அடுக்கு உண்டு. பள்ளியின் மதிப்பீட்டாளர், பள்ளிக்குள்ளேயே அவரைச் சரிபார்ப்பவர், வெளியிலிருந்து வந்து சரிபார்ப்பவர். ஏட்டில் இது உறுதியான ஏற்பாடு.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. வாகனப் பழுதுபார்ப்பு, மின்கம்பிப் பொருத்தம், சமையல் போன்ற துறைகளுக்குப் பட்டறையைப் பள்ளிக்குள்ளேயே அமைத்துவிடலாம். துறைமுக முற்றத்தைப் பள்ளிக்குள் கொண்டுவர முடியாது. ஆகவே தளவாட ஆசிரியருக்கு வெளிக்களப் பயிற்சியே உயிர்நாடி. ஜெர்மனியில் தொழிற்பள்ளி ஆசிரியராக வர விரும்புபவர் ஏறக்குறைய ஓராண்டு தொழிலிடத்தில் வேலை செய்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நம் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் சுற்றுலா போலத் துறைமுகத்தைக் காட்டிவிட்டுக் குழுப்படம் எடுத்து அனுப்புவது பயிற்சியாகாது. குறைந்தது சில வாரமாவது இரவுப் பணிமுறையில் நின்று, கிடங்கில் இருப்பு எண்ணி, ஒரு பெட்டி ஏன் நுழைவாயிலில் திருப்பி அனுப்பப்பட்டது என்று கண்ணால் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் அவருடைய வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆசிரியரும் வேண்டும். இந்தச் செலவை யார் ஏற்பது என்று தெளிவாகாதவரை மற்ற அறிவிப்புகளுக்குப் பெரிய பொருள் இல்லை.

துறைமுகத்தில் இருபது ஆண்டு வேலை பார்த்தவரையே வகுப்பில் நிறுத்தினால் என்ன?

நிறுத்தலாம், ஆனால் தயார்படுத்தித்தான் நிறுத்த வேண்டும். வேலை தெரிந்தவர் எல்லாருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் புரியவைக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் நிறுவனத்துக்குள் மாணவர் பயிற்சிக்குப் பொறுப்பேற்கும் பயிற்றுநரும் பொதுவாக அதற்கென ஒரு தேர்வில் தேற வேண்டும். நம்மிடம் விடிஓ இருப்பது அதே காரணத்துக்காகத்தான். ஓய்வுபெற்ற ஒரு கிடங்கு மேற்பார்வையாளரும் படித்து முடித்த இளம் ஆசிரியரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து நடத்துவதுதான் இப்போதைக்குச் சிறந்த வழி என்பது என் கருத்து. நாட்டில் 2005 முதல் நடைமுறையில் உள்ள எஸ்எல்டிஎன் இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் பெரும்பகுதிப் பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கிறது. அந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல.

ஆபத்தான தொழிலாயிற்றே, பிள்ளைகளை ஏன் இதில் இழுக்க வேண்டும்?

ஆபத்து இருக்கிறது, அதனால்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். பாசிர் கூடாங் மக்களுக்கு 2019 மார்ச் மாதம் மறந்திருக்காது. சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவின் நச்சுப்புகை பள்ளிகளுக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. மூச்சுத்திணறி விழுந்தவர்களில் மாணவர்களும் பள்ளிப் பணியாளர்களும் இருந்தார்கள்.

கழிவு லாரியில் போகிறது, யாரோ ஏற்றுகிறார்கள், யாரோ பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், யாரோ எங்கோ இறக்குகிறார்கள். இந்தச் சங்கிலியில் எந்த இடத்திலும் ஒருவர் "இதை இங்கே இறக்கக் கூடாது" என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும். கடல்வழிச் சரக்கில் ஆபத்தான பொருள்களை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வெடிபொருள், வாயு, தீப்பற்றும் திரவம், நச்சு, அரிக்கும் பொருள் என்று ஒவ்வொன்றுக்கும் வைர வடிவ ஒட்டுக்குறி உண்டு. பாசிர் கூடாங் பிள்ளைகள் சைக்கிளில் போகும்போதே இந்தக் குறிகளை லாரியின் பின்புறத்தில் பார்க்கிறார்கள். அதன் பொருளை அவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர் வேதியியல் ஆசிரியராகவும் இருக்கலாம். தளவாடப் பாடம் எடுப்பவரோடு மட்டும் பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

இது படிப்பு வராத பிள்ளைக்குத்தானே?

இந்த எண்ணம் வீட்டில் மட்டும் இல்லை, பள்ளியிலும் இருக்கிறது. படிவம் மூன்றில் எழுதிவந்த பிடி3 தேர்வு 2022இல் ரத்தான பிறகு, படிவம் மூன்று முடிக்கும் மாணவன் எந்த வழியில் போவது என்ற முடிவில் பள்ளி மதிப்பீட்டுக்கும் ஆலோசக ஆசிரியரின் சொல்லுக்கும் எடை கூடியிருக்கிறது. அந்த ஆசிரியருக்கே தளவாடம் என்றால் லாரி என்ற அளவில்தான் தெரியும் என்றால், நல்ல மதிப்பெண் எடுப்பவனிடம் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆகவே துறைமுகத்துக்கு அனுப்பும் முதல் பேருந்தில் ஆலோசக ஆசிரியர்களை ஏற்ற வேண்டும்.

வழிகளும் அடைபட்டவையல்ல. 2012 முதல் மாற்றியமைக்கப்பட்ட கொலேஜ் வொக்காஷனல் என்ற தொழிற்கல்லூரிகளில் இரண்டாண்டு எஸ்விஎம் எனப்படும் மலேசியத் தொழிற்கல்விச் சான்றிதழ், அதற்குமேல் இரண்டாண்டு டிப்ளோமா. குளுவாங், மூவார், பத்து பகாட், கோத்தா திங்கி ஆகிய ஊர்களிலும் இந்தக் கல்லூரிகள் உண்டு. சாதாரண இடைநிலைப்பள்ளியிலேயே பிவிஎம்ஏ என்ற தொழிற்கல்வித் திட்டத்தில் சேர்ந்தால் எஸ்பிஎம் தாளோடு எஸ்கேஎம் இரண்டாம் நிலைச் சான்றிதழும் பெறலாம். அங்கிருந்து மேல்நிலைச் சான்றிதழ்களுக்கோ பாலிடெக்னிக்குக்கோ போகலாம். இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, தளவாட மேலாண்மைக்கென்று தனித் துறையே இருக்கிறது. இந்தியாவில் தளவாடத் திறன் கழகம் சென்னையில் அமைந்திருக்கிறது. படிக்காதவர் தொழில் என்றால் இவை எதற்கு?

பெண்பிள்ளைகளுக்கு?

சுங்கப் பத்திரம், வழித்திட்டம், இருப்புக் கட்டுப்பாடு, தொலைவிலிருந்து கிரேன் இயக்குதல் எதிலும் தோள் வலிமை கேட்பதில்லை. பெற்றோரின் உண்மையான கவலை இரவு வேலை நேரமும் வீடு திரும்பும் வழியும்தான். அதை நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்க வேண்டும். பேருந்து வசதி உண்டா, தங்குமிடம் உண்டா என்று விசாரித்துச் சொல்வதும் ஆசிரியரின் வேலையில் சேரும்.

பிள்ளைகள் படித்து முடிப்பதற்குள் எல்லாம் தானியங்கி ஆகிவிடாதா?

சில வேலைகள் போகும். பெட்டி எண்ணைக் கையால் குறித்தவரின் இடத்தைக் கேமரா எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் கேமரா தவறாகப் படித்த எண்ணைத் திருத்துபவர், ஓடாத இயந்திரத்தை ஓட வைப்பவர், கப்பல் தாமதமானால் நானூறு பெட்டிக்கு மாற்றுத் திட்டம் போடுபவர் ஆகியோருக்குத் தேவை கூடுகிறது. ஒரு மென்பொருளின் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் பாடம் ஐந்து ஆண்டில் செத்துவிடும். அதனால் ஆசிரியரின் களப்பயிற்சியும் ஒருமுறையோடு முடிந்துவிடக் கூடாது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அவர் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

கற்றுக்கொடுத்து அனுப்பினால் சிங்கப்பூருக்குத்தானே போவார்கள்?

பலர் போவார்கள். 2025 பிப்ரவரி முதல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பாலத்துக்கு அந்தப்பக்கம் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. இதைப் பள்ளியால் சரிசெய்ய முடியாது. சான்றிதழுக்கு ஏற்ற சம்பளம் தருவது ஜொகூர் நிறுவனங்களின் பொறுப்பு. ஆனால் சான்றிதழ் இல்லாமல் அந்தப்பக்கம் போகிறவன் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். சான்றிதழோடு போகிறவன் அந்தக் கிடங்கின் கணக்கைப் பார்க்கிறான். பெற்றோர் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பிள்ளை சேரும் பள்ளியில் இது சரியாக நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளம்பரத்தை நம்ப வேண்டாம். அந்தப் பயிற்சி திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றதா, எந்த நிலை வரை என்று அத்துறையின் மைஸ்பைக் இணையத்தளத்தில் பார்க்கலாம். பள்ளிக்குப் போனால் பாடம் நடத்துபவரிடம் விடிஓ இருக்கிறதா, அவர் கடைசியாக எந்த ஆண்டில் எந்தத் தொழிலிடத்தில் எத்தனை நாள் இருந்தார், மாணவர் பயிற்சிக்கு எந்த நிறுவனம் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டால் பதில் குறிப்பேட்டில் பதிவாகும். அடுத்த ஆண்டு அதே கேள்வியை மறுபடி கேட்பதற்கு அந்தப் பதிவு உதவும்.